அப்பாவின் துப்பாக்கித் தோட்டாக்களைப் பக்கத்து ஊர்க்காரருக்கு விற்கலாமா?

மன்னார்குடிப் பக்கம் அப்பா இறந்துவிட்டார், பீரோவில் இரட்டைக் குழல் துப்பாக்கியும் ஒரு பெட்டித் தோட்டாவும் இருக்கின்றன, லைசென்ஸ் வைத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரர் தோட்டாவைக் கேட்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

தனியாள் தனியாளுக்கு விற்கவே கூடாது என்றில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. விற்பவர் தன் சொந்த உபயோகத்துக்குச் சட்டப்படி வைத்திருந்ததாக இருக்க வேண்டும். வாங்குபவரின் பெயர், விலாசத்தோடு கலெக்டருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து, 45 நாள் கழிய வேண்டும். வாங்குபவருக்கு லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதாது. எந்த ரகம், எத்தனை தோட்டா என்ற வரம்பு அதிலேயே எழுதியிருக்கும், அதைத் தாண்டக் கூடாது.

உங்கள் சிக்கல் வேறு. லைசென்ஸ் அப்பா பெயரில்தான். வீட்டோடு, நிலத்தோடு சேர்ந்து வாரிசுக்கு வருகிற சமாசாரம் இல்லை அது. முதலில் துப்பாக்கி, தோட்டா, லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள் (தேர்தல் சமயத்தில் அப்பா ஒப்படைத்திருப்பாரே, அதே இடம்தான்). லைசென்ஸ் பெற்ற டீலரிடமும் ஒப்படைக்கலாம். 21ஆம் பிரிவுப்படி, அதன்பிறகு தகுதியுள்ளவருக்கு விற்க வாரிசுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒப்படைத்துவிட்டு, விதிகளில் சொன்ன கெடுவுக்குள் விற்காமலோ திரும்பப் பெறாமலோ போட்டுவைத்தால் அரசுக்குப் போய்விடும்.

“நாலு தோட்டாதானே, வயலில் பன்றி விரட்டத்தானே” என்பார்கள். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா மட்டும் வைத்திருந்தாலும் வழக்குதான்.