ரெடிஸ் மறுபடியும் ஓப்பன் சோர்ஸ் ஆகிவிட்டதாமே, இனி வால்கீ எதற்கு?

ஆகிவிட்டது, உண்மைதான். ஆனால் பழைய நிலைக்கு அப்படியே திரும்பவில்லை. (ரெடிஸ் என்பது தரவைக் கணினியின் நினைவகத்தில் வைத்து வேகமாக எடுத்துத் தரும் தரவுத்தளம்; வால்கீ அதிலிருந்து பிரிந்து வந்தது.)

2024 மார்ச் வரை ரெடிஸ் பிஎஸ்டி உரிமத்தில் இருந்தது. யாரும் எடுத்து எதற்கும் பயன்படுத்தலாம். கிளவுட் நிறுவனங்கள் அதை வைத்துச் சம்பாதிக்கின்றன, நமக்கு ஒன்றும் வருவதில்லை என்பது ரெடிஸ் நிறுவனத்தின் குறை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால் 7.4 பதிப்பிலிருந்து உரிமத்தை இறுக்கினார்கள். எட்டு நாள்தான் ஆனது. சற்றே முந்தைய 7.2.4 பதிப்பின் நிரலை எடுத்து லினக்ஸ் பவுண்டேஷன் வால்கீயைத் தொடங்கிவிட்டது. அமேசான், கூகுள், ஆரக்கிள் எல்லாம் ஆதரவாக நின்றன.

2025 மே மாதம் வந்த ரெடிஸ் 8-இல் ஏஜிபிஎல் உரிமமும் ஒரு தேர்வாகச் சேர்ந்தது. இது முறையான ஓப்பன் சோர்ஸ் உரிமம்தான், ஆனால் கறாரானது: நிரலை மாற்றி, நெட்வொர்க் வழியே பிறருக்குச் சேவையாகக் கொடுத்தால், மாற்றிய நிரலையும் அவர்களுக்குத் தர வேண்டும். பல நிறுவனங்களின் சட்டப் பிரிவு ஏஜிபிஎல் என்றாலே கையை விரித்துவிடும். வால்கீ இன்னும் பிஎஸ்டிதான், அந்தத் தலைவலி இல்லை.

மாறுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். போர்ட் அதே 6379, கட்டளைகளும் பெரும்பாலும் அவையே. ஆனால் ரெடிஸ் 7.2 வரை எழுதிய ஆர்டிபி கோப்பைத்தான் (தரவை வட்டில் சேமித்து வைக்கும் கோப்பு) வால்கீ நேரடியாக ஏற்கும், 7.4-க்குப் போய்விட்டவர்கள் தரவை வேறு வழியில்தான் நகர்த்த வேண்டியிருக்கும். ரெடிஸை மாற்றாமல் வெறும் கேஷாக (தற்காலிகச் சேமிப்பாக) மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால், அவசரப்பட்டு எதையும் தொட வேண்டாம்.