வாசகர் கேள்வி–பதில்: ஆணியா, பசையா?

கேள்வி: வீட்டில் மாதிரி ரயில் ஓட்ட, பிளைவுட் பலகை மேல் தக்கைத் தாள் ஒட்டி, அதன் மேல் எச்.ஓ. அளவு (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு) ஃபிளெக்ஸ் டிராக்கை, அதாவது வளைக்கக்கூடிய பாதைத் துண்டுகளை, ஆணியடித்துப் பொருத்தியிருக்கிறேன். மழைக்காலத்தில் நன்றாக ஓடிய ரயில், கோடைப் பிற்பகல்களில் வளைவிலுள்ள இணைப்புகளில் தடம் புரள்கிறது. நேர்ப்பாதையிலும் தண்டவாளம் ஓரிடத்தில் மேலெழும்பி நிற்கிறது. ஜல்லி பரப்புவதற்கு முன் எல்லாவற்றையும் பிரித்துப் பசையால் ஒட்டிவிடலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பிரித்து ஒட்டுங்கள், ஆனால் ஆணியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒரு டிகிரி வெப்பத்துக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.016 மி.மீ. நீள்கிறது. 5 மீட்டர் நேர்ப்பாதையில் வெப்பம் 15 டிகிரி உயர்ந்தால் அது 1.2 மி.மீ. ஆகிவிடும். அதே வேளையில், மழையில் ஈரத்தை உறிஞ்சி உப்பியிருந்த, பலகையைத் தாங்கும் மரச்சட்டம் கோடையில் காய்ந்து சுருங்குகிறது. தண்டவாளம் நீள, அதைத் தாங்கும் மரம் குறுக, இணைப்புகளில் இடைவெளியும் இல்லையென்றால் தண்டவாளத்துக்கு மேலே எழும்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே, மரச்சட்டத்துக்கும் பலகையின் அடிப்புறத்துக்கும் விளிம்புகளுக்கும் முதலில் வார்னிஷ் பூசுங்கள். பலரும் தவிர்த்துவிடுகிற இந்த வேலையே பாதி நோயைத் தீர்க்கும்.

ஃபிளெக்ஸ் டிராக்கில் சிலிப்பர்களின் (தண்டவாளத்தின் குறுக்கே அடியில் கிடக்கும் பிளாஸ்டிக் கட்டைகளின்) சிறு கொக்கிகள் தண்டவாளத்தைப் பிடித்திருந்தாலும், அது நீளவாக்கில் நழுவ இடம் தருகின்றன. எனவே நாம் ஒட்ட வேண்டியது சிலிப்பர்களை மட்டுமே. தண்டவாளம் தன் போக்கில் நகர வேண்டும். சிலிப்பரின் நடுவில் ஆணியை அழுத்தி அடித்தால் பிளாஸ்டிக் வளைந்து, இரு தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி குறுகிவிடும். தடம் புரளும் இடங்களில் இதையும் அளந்து பாருங்கள். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்வே சங்கம் வகுத்த அளவுகளைக் கொண்ட தகட்டு அளவி இதற்கென்றே இருக்கிறது.

ஒட்டுவதற்கு நான் பரிந்துரைப்பது, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் சீலன்ட் (விரிசல் அடைக்கும் பசை). சிலிகான் வேண்டாம், அதன் மேல் வண்ணம் பிடிக்காது. அடியிலுள்ள தக்கை தெரியுமளவு மெல்லிய படலமாகத் தேய்த்து, பாதையை வைத்து, ஓர் இரவு முழுவதும் புத்தகங்களைப் பாரமாக ஏற்றி வையுங்கள். பிறகு மாற்ற நேர்ந்தால், பட்டித் தகட்டை அடியில் செலுத்திச் சேதமின்றிப் பெயர்க்கலாம். பாயின்ட்களின் (ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடங்களின்) நகரும் பகுதிக்குக் கீழே ஒரு துளிப் பசையும் படக்கூடாது.

வளைவில், இரண்டு துண்டுகளையும் நேராக இருக்கும்போதே இணைத்து, சால்டர் வைத்து (ஈயப்பற்று வைத்து), அதன் பின்னரே வளைக்க வேண்டும். வளைத்த பின் இணைத்தால் தண்டவாள முனைகள் நேராக நிமிர முயன்று இணைப்பில் முனை தள்ளி நிற்கும். உங்கள் ரயில் தடம் புரள்வதற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. நேர்ப்பாதை இணைப்புகளுக்கு சால்டர் வைக்காமல், விசிட்டிங் கார்டின் தடிமனளவு இடைவெளி விடுங்கள். அவ்வாறு விட்ட இணைப்புகளை மின்சாரத்துக்கு நம்ப முடியாது என்பதால், ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துக்கும் தனித்தனியே மின்கம்பி கொடுத்து, அக்கம்பிகளைச் சற்றுத் தளர்வாக விட வேண்டும்.

கேள்வி: ஜல்லியை எப்போது, எப்படி ஒட்டுவது?
– அதே வாசகர்

பதில்: ஒரு கோடை முழுவதும் ரயில் பழுதின்றி ஓடிய பிறகு. ஜல்லி ஒட்டிய பாதையைப் பெயர்ப்பது மிகக் கடினம் என்பதால் இதில் அவசரம் கூடவே கூடாது. உலர்ந்த ஜல்லியைத் தூரிகையால் சீராக்கி, தண்ணீரை மென்மையாகத் தெளித்து நனைத்து, சம அளவு நீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். காயும் முன் தண்டவாளத்தின் மேற்பரப்பையும் உட்புறத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.