மரக்குச்சிதானே!

கேள்வி: டேபிள் ஃபேனின் பிளக் உடைந்துவிட்டது. ஒயர் நுனியை உரித்து பிளக் பாயின்ட்டுக்குள் விட்டு, ஓட்டைக்கு ஒரு தீக்குச்சி செருகி ஓட்டுகிறான் என் பத்து வயது மகன். கற்றுக்கொடுத்தவர் என் மாமனார். "மரக்குச்சிதானே, அதுல கரண்டா பாயப்போகுது? அந்தக் காலத்துல இருந்து இப்படித்தான், ஒண்ணும் ஆனதில்ல" என்கிறார். அவர் சொல்வது சரியா?
- ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: கோவில்பட்டியில் இருந்துகொண்டு தீக்குச்சியை 'மரக்குச்சிதானே' என்று சொல்ல விடலாமா? தீப்பெட்டித் தொழில் நடக்கும் உங்கள் ஊரில் எத்தனை வீட்டு அடுப்பு அந்தக் குச்சியால் எரிகிறது! அது வெறும் மரம் இல்லை. தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையோடு குழைத்த மருந்து. சிவப்பு பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது. தலையை ஒட்டிய மரத்தை மெழுகில் தோய்த்திருப்பார்கள், மருந்தில் பிடித்த தீ மரத்துக்கு இறங்க வேண்டும் என்பதற்காக. பெட்டியில் உரசினால்தான் பற்றும் என்பது சாதாரணச் சூட்டில்தான். சூடு போதுமான அளவு ஏறினால் உரசாமலே பற்றும்.

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்து, மறுவருடம் சிவகாசியில் தொடங்கிய தொழில் இது. 14 வருடம் ஒரு ரூபாயிலேயே நின்ற பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனபோது பலர் கொதித்தார்கள். குளோரேட், மெழுகு, அட்டை எல்லாம் விலை ஏறிய பிறகும் பெட்டி விலை ஏறாவிட்டால், மிச்சம் பிடிக்கக் கூலி ஒன்றுதான் இருக்கும். அந்த ஏற்றம் நியாயம் என்று இந்தப் பக்கத்தில் அன்றைக்கும் சொன்னோம், இன்றைக்கும் சொல்கிறோம்.

உங்கள் மாமனாருக்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை. காய்ந்த மரத்தில் கரண்ட் பாயாது, அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அதற்குக் காரணம் குச்சியின் நல்ல குணம் அல்ல, அன்றைய வீட்டில் எரிந்த 40 வாட் பல்பு. 230 வோல்ட்டில் அது இழுப்பது 0.17 ஆம்பியர். ஐந்து மில்லிமீட்டர் பித்தளைப் பின்னை இருபுறமும் கவ்வுவதற்குச் செய்த ஓட்டைக்குள் நாலு செம்பு இழையும் ஒரு குச்சியும் இருந்தால், இழை பித்தளையைத் தொடுவது ஊசிமுனை அளவு இடத்தில்தான். அங்கே தடை ஒரு ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்புக்கு அந்த முனையில் உண்டாகும் சூடு 0.03 வாட். கையில் தெரியாது.

அதே ஓட்டையில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் ஒயரைச் செருகுங்கள். கரண்ட் 4.3 ஆம்பியர், 25 மடங்கு. சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் 625 மடங்கு. 18 வாட்டுக்கு மேல், ஊசிமுனையில்! ஈயம் பற்றவைக்கும் சின்ன சால்டரிங் அயர்னே 25 வாட்தான். குச்சி காய்ந்து சுருங்கும், பிடி தளரும், பொறி பறக்கும், செம்பு கறுத்துத் தடை இன்னும் கூடும். இவ்வளவு நடந்தும் பீஸ் போகாது, எம்சிபி என்ற தானாக அணையும் ஸ்விட்சும் விழாது. கரண்ட் அளவு மீறினால்தான் அவை வேலை செய்யும். லூஸ் காண்டாக்ட்டில் கரண்ட் துளி குறையுமே தவிர ஏறாது. ஷாக்கிலிருந்து காக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும், கரண்ட் வழிமாறி மண்ணுக்குக் கசிந்தால்தான் விழும். இங்கே கசிவே இல்லை. மூன்று காவலாளிகளும் விழித்திருக்கும்போதே பிளக் பாயின்ட் உருகும்.

ஃபேன் 50, 60 வாட்தான், அது எரியாமல் ஓடும். பயம் வேறு இடத்தில். வெளியே துருத்தும் செம்பில் பையனின் விரல் படும். ஸ்விட்சை கரண்ட் வரும் ஒயரில் போடாமல் திரும்பும் ஒயரில் (நியூட்ரலில்) போட்டிருக்கும் வீட்டில், அணைத்த பிறகும் அந்த ஓட்டையில் கரண்ட் இருக்கும். பிரிந்த இழை ஒன்று மற்ற ஒயரைத் தொட்டால் முகத்தருகே வெடிக்கும். இவற்றைவிட மோசமானது ஒன்று உண்டு. குச்சி நெட்டித் தள்ளியதால் உள்ளே பித்தளைத் தகடு விரிந்துவிட்டிருக்கும், அது திரும்பச் சுருங்காது. நாளை நல்ல பிளக் போட்டு அயர்ன் பாக்ஸ் மாட்டினாலும் அதே லூஸ்தான். குச்சியை எடுத்த பிறகும் அது செய்த கெடுதல் சுவருக்குள்ளேயே இருக்கும்.

ஆகவே வேலை இரண்டு. முதலில் 6 ஆம்பியர் த்ரீ பின் டாப் (மூன்று பின் உள்ள பிளக்) ஒன்று வாங்குங்கள். மேலுறையை மூன்று சென்டிமீட்டரும் உள் ஒயரை ஒரு சென்டிமீட்டரும் உரித்து, இழைகளை இறுக முறுக்கி மடித்து, திருகு இறுகும் திசையிலேயே சுற்றி முடுக்குங்கள். ஒற்றை இழைகூட வெளியே நிற்கக் கூடாது. நுனியில் ஈயம் வைக்காதீர்கள், அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கித் திருகு தளரும். டாப்புக்குள் எழுத்து இருக்கும்: பழுப்பு ஒயர் எல் (கரண்ட்), நீலம் என் (நியூட்ரல்), பச்சை-மஞ்சள் இருந்தால் இ (எர்த்). எர்த் ஒயரைக் கொஞ்சம் நீளமாக விடுங்கள், யாராவது இழுத்தாலும் அதுதான் கடைசியில் அறும். உள்ளே இருக்கும் கிளாம்ப் மேலுறையைக் கவ்வ வேண்டும், உள் ஒயரை அல்ல. இந்த டாப்பில் 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை மாட்டாதீர்கள். அது 6.5 ஆம்பியர், அதற்கு 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும்.

இரண்டாவது, அந்த பிளக் பாயின்ட்டை எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றிவிடுங்கள். மற்ற பாயின்ட்டுகளுக்கு ஒரு சோதனை: அயர்ன் பாக்ஸைப் பத்து நிமிடம் ஓட்டி அணைத்து, டாப்பைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அதுவும் விரிந்திருக்கலாம். டாப் கட்டும் வேலையை மாமனாரும் பேரனும் சேர்ந்து செய்யட்டும், ஒயரை எங்கும் மாட்டாமல் மேஜைமேல் வைத்து.