தக்காளிக் காட்டை அடமானம் வைக்காதீர்கள்

பாலக்கோட்டிலிருந்து அப்பா, அம்மா, மகன் மூவரும் வந்திருந்தார்கள். பெங்களூரில் இருக்கும் தாய்மாமன், "மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கிடலாம்" என்று சொல்லிவிட்டாராம். இரண்டு ஏக்கர் தக்காளிக் காட்டை அடமானம் வைக்க ஆளும் பார்த்தாயிற்று. நான் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தபோது பையன் செல்போனை நீட்டினான். பைத்தான் என்ற கணினி மொழியில் 'தருமபுரி' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டிருக்கிறான். எட்டு என்று வந்திருக்கிறது. நமக்கு அது ஐந்தெழுத்து. ருவிலும் புவிலும் இருக்கும் உகரக் குறிகளையும் ரியில் இருக்கும் இகரக் குறியையும், கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறை தனித்தனியாக எண்ணுவதால் வரும் வித்தியாசம். "சரியா எண்ண ஓப்பன்-தமிழ்னு ஒரு லைப்ரரி இருக்கு சார். அதுல ஒரு வசதி வேணும்னா யார்கிட்ட கேக்கறது?" என்றான். லைப்ரரி என்றால் மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தும்படி எழுதி வைத்த புரோகிராம் தொகுப்பு.

அண்ணா, இதைக் கேட்ட பிறகு உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு மனமில்லை. இப்படிக் கேட்கத் தெரிந்த பையனுக்காக அந்த அடமானம் வேண்டாம்.

தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேருங்கள். கட்டணம் மிகக் குறைவு. தம்பி அரசுப் பள்ளி மாணவன்; தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். மிச்சப் பணத்தில் ஒரு லேப்டாப் போதும்.

தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். புரோகிராம்களைப் பொதுவில் வைத்துச் சேர்ந்து எழுதும் கிட்ஹப் தளத்தில், அந்த லைப்ரரியின் பக்கத்தில் 'இஷ்யூ', அதாவது குறையையோ கோரிக்கையையோ சொல்லும் பதிவு, எழுதலாம். அதற்கு முன் பழைய இஷ்யூக்களை, மூடியவை உட்பட, தேடிப் படி. உன் யோசனையை வேறொருவர் முன்பே கேட்டிருக்கலாம். "இந்த வசதி வேண்டும்" என்று தொடங்காதே. எங்கே சிக்கினாய், இப்போது எப்படிச் சமாளிக்கிறாய் என்று ஐந்து வரி புரோகிராமோடு காட்டு. தரவுகளை அலச உதவும் பாண்டாஸ் என்ற பைத்தான் லைப்ரரியின் கோரிக்கைப் படிவம், பிரச்சினையை விளக்கச் சொன்ன பிறகுதான் தீர்வைக் கேட்கிறது. மாற்று வழிகளைப் பார்த்தாயா என்றும் கேட்கிறது. நீ சொல்லும் மாற்றத்தால் ஏற்கெனவே எழுதப்பட்ட புரோகிராம்கள் உடையுமா என்பதையும் நீயே யோசித்து எழுது. இப்படிப்பட்ட லைப்ரரிகளைப் பராமரிப்பவர்களில் பலர் சம்பளமில்லாமல், வேலை முடிந்த ராத்திரிகளில் உழைப்பவர்கள். பதில் தாமதமாகும், 'வேண்டாம்' என்றும் வரும். சரி என்றால் நீ எழுதிய புரோகிராம், அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட், விளக்கக் குறிப்பு மூன்றையும் சேர்த்தே 'புல் ரிக்வெஸ்ட்', அதாவது உன் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் வேண்டுகோள், அனுப்பு.

இப்படி எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்களில் புதியவர்களை வேலை செய்ய வைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் என்ற திட்டம் 2005 முதல் நடக்கிறது. 18 வயது நிறைந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். எந்தக் கல்லூரி என்பது தடையில்லை. தேர்வானால் உதவித்தொகை உண்டு. தேர்வில் நீ எழுதும் முன்மொழிவு முக்கியம்.

இதனால் வேலை நிச்சயம் என்று நான் சொல்லமாட்டேன் அண்ணா. கோட்டா சீட்டும் அதைத் தராது. வட்டி மட்டும் மாதாமாதம் வரும். மாமாவிடம் நானே பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தம்பி முதல் இஷ்யூவை எழுதிக்கொண்டு வரட்டும். அதுவரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.