ஐ.சி.யூ. வாசலில் நிற்பவர்கள் கேட்டவை

பாலக்காட்டில் ஐ.சி.யூ. நர்ஸாக இருந்தேன். இப்போது அங்கேயே மருத்துவ ஆய்வுகளை ஒருங்கிணைக்கிறேன். சித்தூர், வாளையார் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகள் இவை. உங்கள் நோயாளி எப்படி இருக்கிறார் என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும். ஒரு காரியத்தை ஏன் செய்கிறார்கள், ஆய்வுகளில் என்ன தெரிந்தது என்பதை நான் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை: சிஸ்டர், மாமனார் வென்டிலேட்டர்ல இருக்கார். நர்ஸ் இன்ச் டேப்பை எடுத்து தலையிலிருந்து கால் வரைக்கும் அளந்தாங்க. அதைப் பார்த்ததிலிருந்து அத்தை அழுகையை நிறுத்தலை. எதுக்கு அளக்கறாங்க?

அது அவரைக் காப்பாற்ற எடுக்கிற அளவு என்று அத்தையிடம் உடனே சொல்லுங்கள். தொந்தி போட்டால் எடை கூடும், நுரையீரல் பெரிதாகாது. அதனால் மூச்சின் அளவை உயரத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். 165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்குக் கணக்கில் வரும் எடை சுமார் 61 கிலோ. நுரையீரல் மோசமாகப் பாதித்திருந்தால் கிலோவுக்கு 6 மி.லி. வீதம், ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 370 மி.லி. கொடுப்பார்கள்.

ஒரு காலத்தில் தாராளமாக ஊதினார்கள். 2000-இல் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் இரண்டு அளவையும் ஒப்பிட்டார்கள். கிலோவுக்கு 12 மி.லி. பெற்றவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மி.லி. பெற்றவர்களில் 31 சதவீதம். புது மருந்து ஒன்றுமில்லை, காற்றைக் குறைத்ததுதான். அந்த டேப்பை எடுத்த நர்ஸுக்கு என் நன்றியையும் சொல்லுங்கள். பல இடங்களில் உயரத்தைக் கண்ணால் பார்த்தே எழுதிவிடுகிறார்கள்.

வேலந்தாவளம்: அண்ணனைக் குப்புறப் படுக்க வச்சிருக்காங்க. முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு.

வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிடும். குப்புறக் கிடக்கும்போது முதுகுப்பக்க நுரையீரல் விரிகிறது. 2013-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் நாளுக்கு 16 மணி நேரமாவது இப்படிக் கிடத்தினார்கள். மல்லாந்து கிடந்தவர்களில் 28 நாளுக்குள் 32.8 சதவீதம் பேர் இறந்தார்கள், குப்புறக் கிடந்தவர்களில் 16 சதவீதம். குழாய் நழுவாமல் ஒருவரைத் திருப்ப நாலைந்து பேர் வேண்டும். அந்த நேரத்தில் உங்களை வெளியே நிற்கச் சொன்னால் கோபிக்காதீர்கள்.

மீனாட்சிபுரம்: அம்மாவுக்கு சுகர் 160. இன்சுலினைக் கூட்டுங்கன்னா நர்ஸ் கேக்கவே மாட்டேங்கறாங்க.

நர்ஸ் செய்வது சரி. சுகரை 81–108-க்குள் இறுக்கிப் பிடிப்பதா, 180-க்குள் விடுவதா என்று ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் பார்த்தார்கள். முடிவு 2009-இல் வந்தது. இறுக்கிப் பிடித்தவர்களில்தான் இறப்பு அதிகம்.

வாளையார்: விரல் கிளிப் 94 காட்டுது. அப்புறமும் மணிக்கட்டுல குத்தி ரத்தம் எடுக்கறாங்களே?

கிளிப் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை ஒளியை வைத்துக் கணக்கிடுகிறது. தோல் கறுப்பாக இருந்தால் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கிளிப் 92–96 காட்டியும் ரத்தத்தில் 88-க்குக் கீழே இருந்தது கறுப்பினத்தவரின் அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6. நம் நிறத்துக்கு ரத்தத்தையும் பார்ப்பதே நல்லது. கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்பதும் அதில்தான் தெரியும்.

சித்தூர்: அப்பாவை ஒரு ஆய்வுல சேர்க்கலாமான்னு கேட்டு மலையாளத்துல ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தாங்க. எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. பரிசோதனை எலி ஆக்கிடுவாங்களோன்னு பயமா இருக்கு.

வாசிக்க முடியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டியது அவர்கள் கடமை, உங்களுக்குச் செய்கிற தயவு அல்ல. வாசிக்க முடியாதவருக்கு விளக்கும்போது ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ‘சும்மா ஒரு ஒப்பு’ என்று பேனாவை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும்.

இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா? சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண் என்ன? வழக்கமான சிகிச்சையில் எது மாறும்? ஆய்வால் பாதிப்பு வந்தால் செலவு யாருடையது? வேண்டாம் என்றாலும் சிகிச்சை குறையக் கூடாது. சேர்ந்த பிறகும் எந்த நாளிலும் விலகலாம். அப்பாவுக்கு நினைவு திரும்பியதும் அவரிடமே மறுபடி சம்மதம் கேட்க வேண்டும்.

பயத்தால் மட்டும் மறுத்துவிடாதீர்கள். கொரோனா காலத்தில், குணமானவர்களின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்மாவுக்காக ஊர் ஊராக அலைந்தோமே, நினைவிருக்கிறதா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் ஆய்வு செய்து, அதனால் நோய் முற்றுவதோ இறப்போ குறையவில்லை என்று 2020-இலேயே காட்டியது. அந்த 464 பேரின் வீட்டிலும் உங்களைப்போல யாரோ ஒருவர் யோசித்துத்தான் சரி சொல்லியிருப்பார்.

கோபாலபுரம்: நர்ஸ் அடிக்கடி விரல் நுனியை அழுத்தி அழுத்திப் பாக்கறாங்க. மிஷின் இருக்கும்போது இது எதுக்கு?

பத்து விநாடி அழுத்திவிட்டு, வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்ப எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுகிறார். மூன்றுக்கு மேல் போனால் ரத்த ஓட்டம் போதவில்லை என்று சந்தேகிப்பார்கள். 2019-இல் வந்த ஓர் ஆய்வில், ரத்தத்தில் லாக்டேட் (ரத்த ஓட்டம் போதாதபோது கூடும் ஒரு பொருள்) பார்த்துச் சிகிச்சை செய்த குழுவைவிட இப்படி விரலைப் பார்த்துச் செய்த குழுவில் இறப்பு குறைவாக இருந்தது. ஆனால் அந்த வித்தியாசம் தற்செயல் அல்ல என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. மானிட்டரோடு இதையும் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அவர் எண்ணும்போது மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள்.