கால்பந்துக் கணக்கு: 50 கோடி டாலர் யார் கைக்குப் போகிறது?

அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர் 30 கிளப்புகளாகப் பெருத்துவிட்டதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். நான் தொழிலில் ஆடிட்டர், குடியிருப்பது ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸில். இரண்டும் என் பதில்களில் தெரியும்.

சான் டியேகோ அணி லீக்கில் சேர 50 கோடி டாலர் கட்டியது என்கிறீர்கள். அந்தப் பணம் யாருக்கு? கால்பந்து வளர்ச்சிக்கா?
– கல்லூரி மாணவர், திருச்சி

வளர்ச்சிக்கு இல்லை, தம்பி. ஏற்கெனவே லீக்கில் இருக்கும் முதலாளிகளுக்கு. இந்தக் கட்டணம் ஏறிய வேகத்தைப் பாருங்கள். 2007இல் டொராண்டோ 1 கோடி டாலருக்கு உள்ளே வந்தது. 2009இல் சியாட்டில் 3 கோடி. 2015இல் நியூயார்க் சிட்டி 10 கோடி. 2022இல் சார்லட் 32.5 கோடி. 2025இல் ஆடத் தொடங்கிய சான் டியேகோ 50 கோடி, அதாவது நம் பணத்தில் 4,000 கோடி ரூபாய்க்கு மேல். கட்டியவர்கள் எகிப்தில் பிறந்த பிரிட்டிஷ் தொழிலதிபர் முகமது மன்சூரும் சிக்குவான் பூர்வகுடியினரும். இந்த லீக்கில் ஒரு பூர்வகுடி இனம் கிளப்பில் பங்கு வைத்திருப்பது இதுவே முதல்முறை. அதில் எனக்கு மனப்பூர்வமான மகிழ்ச்சி உண்டு.

முதலாளிகள் தரப்பில் சொல்லும் நியாயம் இது: டிவி, விளம்பர வருமானம் எல்லாம் பொதுவில் வருகிறது, புதிதாக ஒருவர் பந்தியில் உட்கார்ந்தால் மற்ற எல்லோருக்கும் பங்கு குறையும், அதற்கு ஈடுதான் இந்தக் கட்டணம். இதுவரை சரி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கோடியை 29 கிளப்புக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 1.7 கோடி டாலர். ஆப்பிள் நிறுவனத்தோடு 2022இல் அறிவித்த ஒளிபரப்பு ஒப்பந்தம் பத்தாண்டுக்கு 250 கோடி. அதை 30 கிளப்புக்குப் பிரித்தால், லீக்கின் செலவைக் கழிக்காமலே வருஷத்துக்கு 83 லட்சம்தான் வரும். ஒரே ஒரு புது அணி வந்தால், இரண்டு வருஷ டிவி பணம் ஒரே நாளில் கிடைத்துவிடுகிறது!

இதுதான் எனக்குக் கவலை. நுழைவுக் கட்டணம் ஒருமுறை வரும் மூலதன வரவு. அதைக் கொண்டு வருஷா வருஷம் விழும் நட்டத்தை அடைக்கிற கிளப்புக்கு, அடுத்த வருஷமும் ஒரு புது ஆள் தேவைப்படும். என்னிடம் இப்படி ஒரு கணக்குப் புத்தகம் வந்தால், டிக்கெட்டிலும் ஒளிபரப்பிலும் கடையிலும் வருவதை மட்டும் தனியாக எழுதிக் காட்டச் சொல்லுவேன். அந்தக் கணக்கு பச்சையா சிவப்பா என்பதை வைத்துத்தான் ஒரு லீக்கின் உடல்நிலையைச் சொல்ல முடியும்.

இந்த லீக்கில் முதலாளிக்குக் கிளப் சொந்தமே இல்லை என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
– வங்கி ஊழியர், நாகர்கோவில்

நண்பர் சொல்வது சட்டப்படி சரி. லீக் முழுக்க ஒரே கம்பெனி. பணம் போடுகிறவர் அந்தக் கம்பெனியில் பங்கு வாங்குகிறார், கூடவே ஒரு அணியை நடத்தும் உரிமையும் கிடைக்கிறது. பங்கு பிரிக்காத குடும்பச் சொத்தில் ஆளுக்கொரு வயலை உழுது கொள்வதுபோல. பத்திரம் பொதுவில்தான். வீரர்கள் கையெழுத்துப் போடுவதும் லீக்கோடுதான், கிளப்போடு அல்ல. கிளப்புகள் ஒன்றோடொன்று போட்டியிட்டுச் சம்பளம் கொடுப்பதைத் தடுக்கிற ஏற்பாடு இது என்று வீரர்கள் 1997இல் வழக்குப் போட்டார்கள். 2002இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள்.

ஏன் இப்படிக் கட்டினார்கள்? முன்பிருந்த வட அமெரிக்க சாக்கர் லீக் பட்டபாடு அப்படி. அங்கே நியூயார்க் காஸ்மாஸ் அணிக்குப் பின்னால் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் நின்றது. 1975இல் பெலேயையே கூட்டி வந்தது. அந்தச் செலவுக்கு ஈடுகொடுக்க மற்றவர்கள் ஓடினார்கள், லீக்கும் கண்மண் தெரியாமல் அணிகளைச் சேர்த்தது. 1978இல் 24 அணி. 1984இல் ஒன்பதுதான் மிச்சம், அதோடு கதை முடிந்தது.

1996இல் பத்து அணிகளோடு தொடங்கிய இன்றைய லீக்கும் பிழைத்தது பெரும்பாடுதான். 2002 ஜனவரியில் மயாமி, டாம்பா அணிகளை மூடினார்கள். பிலிப் ஆன்ஷுட்ஸ் என்ற ஒருவரே ஒரு கட்டத்தில் ஆறு அணிகளை நடத்தினார். அவரும் லமார் ஹன்ட் குடும்பமும் ராபர்ட் கிராஃப்டும் கையைக் கடித்தபடி தாங்காமல் இருந்திருந்தால், இன்று 50 கோடி கொடுத்துச் சேர ஒரு லீக்கே இருந்திருக்காது. அந்த மூவருக்கும் என் மரியாதை எப்போதும் உண்டு.

பெக்காம் மட்டும் எப்படி மலிவாக வாங்கினார்?
– வாசகர், காரைக்கால்

2007இல் ஆட வந்தபோதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்: பிற்காலத்தில் 2.5 கோடி டாலருக்கு ஒரு அணி. 2014இல் அதைப் பயன்படுத்தினார், இன்டர் மயாமி 2020இல் களமிறங்கியது. அதே வருஷம் வந்த நாஷ்வில் 15 கோடி கட்டியது. 2023இல் மெஸ்ஸி வந்தபிறகு அந்தக் கிளப்பின் மதிப்பு எங்கே போனது என்று சொல்லவே வேண்டாம்.

கடைசி இடம் பிடித்த அணியைக் கீழே இறக்க மாட்டார்களா?
– பள்ளி ஆசிரியை, ஈரோடு

மாட்டார்கள். அவ்வளவு பணம் கட்டியவர் ஒரு மோசமான சீசனுக்காக இரண்டாம் அடுக்குக்குப் போகச் சம்மதிப்பாரா? ஆனால் இதனால் சிறு ஊர்களின் கதவு அடைபட்டுக் கிடக்கிறது. எத்தனை கோப்பை ஜெயித்தாலும் மேலே வர வழி காசோலை ஒன்றுதான். இரண்டாம் அடுக்கை நடத்தும் யு.எஸ்.எல். கிளப் முதலாளிகள் 2025 மார்ச்சில், தங்கள் அடுக்குகளுக்குள் ஏற்ற இறக்க முறையைக் கொண்டுவர வாக்களித்திருக்கிறார்கள். அதை ஆவலோடு கவனித்து வருகிறேன்.

இவ்வளவு கோடிகளுக்கு நடுவில் ரசிகனுக்கு ஏதாவது உரிமை உண்டா? டிக்கெட் வாங்குவது மட்டும்தானா?
– ஆட்டோ ஓட்டுநர், வியாசர்பாடி

கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடியிலிருந்து இந்தக் கேள்வி வந்தது பொருத்தம். ஐயா, எழுத்தில் இருந்தால் உண்டு. எழுத்தில் இல்லையென்றால் இல்லை. இதை நான் எங்கள் ஊரிலேயே பார்த்தேன்.

கொலம்பஸ் க்ரூ லீக்கின் முதல் பத்து அணிகளில் ஒன்று. லமார் ஹன்ட் 1999இல் கால்பந்துக்கென்றே கட்டிய மைதானம், லீக்கிலேயே முதலாவது, மாநிலப் பொருட்காட்சித் திடலில் இருந்தது. அலுமினியப் பலகை இருக்கைகள். கோல் விழுந்தால் எல்லோரும் காலால் உதைப்பார்கள், வயிற்றுக்குள் அதிரும். 2013இல் கிளப்பை வாங்கிய ஆன்டனி ப்ரீகோர்ட், 2017 அக்டோபரில் அணியை டெக்சஸின் ஆஸ்டினுக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார். லீக்கும் அவர் பக்கமே நின்றது. மறு வாரமே எங்கள் தெருமுனைக் காபிக்கடைக் கண்ணாடியில் ‘க்ரூவைக் காப்பாற்று’ என்ற மஞ்சள் அட்டை தொங்கியது. பிறகு சலூனில், பல் டாக்டர் வாசலில். கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாத என் பக்கத்து வீட்டு அம்மாள்கூட ஒன்று கேட்டு வாங்கினார்.

ஆனால் அணியைக் காப்பாற்றியதில் அட்டைக்குப் பாதிப் பங்குதான். மீதி, 1996இல் ஒஹையோ எழுதி வைத்த ஒரு சட்டப் பிரிவு. எங்கள் மாநிலத்துக் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியை (பந்தைக் கையில் தூக்கி ஓடும் அமெரிக்கக் கால்பந்து அணி) அதன் முதலாளி ஆர்ட் மாடல் பால்டிமோருக்குத் தூக்கிப்போன கோபத்தில் பிறந்தது அது. நான் அச்சடித்து வாசித்தேன், அரைப் பக்கம் வராது. மக்கள் வரிப்பணத்தில் நிற்கும் மைதானத்தில் ஆடி, அரசின் நிதியுதவியும் பெறும் அணி ஊரை விட்டுப் போக வேண்டுமானால் உள்ளாட்சியின் சம்மதம் வாங்க வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதம் முன்னால் சொல்லி, அந்த ஆறு மாதத்தில் உள்ளூர்க்காரர்கள் வாங்கிக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்றது, 2025இல் திருத்தப்படும் வரை இருந்த அந்தப் பிரிவு. அவ்வளவே. 2018 மார்ச்சில் மாநில அட்டர்னி ஜெனரலும் மாநகரமும் அதை வைத்து வழக்குப் போட்டார்கள். அந்த வருஷக் கடைசியில், பிரவுன்ஸ் அணியின் இன்றைய உரிமையாளர்களான ஹேஸ்லம் குடும்பமும், கிளப்பின் பழைய மருத்துவர் பீட் எட்வர்ட்ஸும் க்ரூவை ஏற்க ஒப்பந்தம் ஆனது. ப்ரீகோர்ட்டுக்கு ஆஸ்டினில் தனியாக ஓர் அணி கிடைத்தது. க்ரூ 2020இலும் 2023இலும் கோப்பை ஜெயித்தது. இப்போது ஊர் நடுவில் புது மைதானம்.

சியாட்டிலில் வேறு வழி. அங்கே பங்குதாரர்களில் ஒருவர் டிவி நகைச்சுவை நடிகர் ட்ரூ கேரி. பார்சிலோனாவில் உறுப்பினர்கள் தலைவரைத் தேர்ந்தெடுப்பதைப் பார்த்துவிட்டு, அதுபோல ஏதாவது இருந்தால்தான் பணம் போடுவேன் என்றார். அதனால் ஜெனரல் மேனேஜர் நீடிப்பதா போவதா என்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். முதல் வாக்கெடுப்பு 2012இல். பங்கு கிடையாது, லாபம் கிடையாது, ஒரே ஒரு வாக்குத்தான். இருந்தாலும் அது எழுத்தில் இருக்கிறது.

பெண்கள் நடத்தும் கிளப் உண்டா?
– வாசகி, கும்பகோணம்

செயின்ட் லூயிஸ் சிட்டி. எண்டர்பிரைஸ் வாடகைக் கார் நிறுவனத்தின் டெய்லர் குடும்பப் பெண்களிடம் பெரும்பங்கு இருக்கிறது, தலைமையில் கரோலின் கிண்டில். அதற்கு முன் வேறொரு குழு, மைதானத்துக்கு மக்கள் வரிப்பணத்தைக் கேட்டது. 2017இல் ஊர் வாக்களித்து மறுத்துவிட்டது. இவர்கள் பெரும்பாலும் சொந்தப் பணத்தில் கட்டி 2023இல் ஆடத் தொடங்கினார்கள். மறுத்த ஊர்மக்களைப் பாராட்டுகிறேன், பணம் போட்டவர்களையும்தான்.

நம் சென்னையின் எஃப்.சி.யின் நிலை என்ன? அதுவும் இப்படி ஊரை விட்டுப் போக முடியுமா?
– ஐ.டி. ஊழியர், பள்ளிக்கரணை

போகத் தடையில்லை. இந்தியாவில் நடந்தும் இருக்கிறது. டெல்லி டைனமோஸ் 2019இல் புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆனது. ஹைதராபாத் எஃப்.சி. 2025இல் டெல்லிக்குப் போய்விட்டது. 2014இல் எட்டு அணிகளோடு தொடங்கிய நம் இந்தியன் சூப்பர் லீக்கும் (ஐ.எஸ்.எல்.) அமெரிக்க அச்சில் வார்த்ததுதான். ஒரு நல்ல வித்தியாசம், 2023இல் அடுத்த அடுக்கான ஐ-லீக்கை ஜெயித்த பஞ்சாப் அணி கட்டணம் கட்டாமலே மேலே வந்தது. கெட்ட வித்தியாசம், லீக்கை நடத்தும் உரிமை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்போடு போட்ட ஒரே ஒப்பந்தத்தில் தொங்கியது. அது புதுப்பிக்கப்படாமல் இழுபட்டதில் 2025 ஜூலையில் சீசனையே நிறுத்தி வைத்தார்கள்.

சென்னையின் எஃப்.சி. அபிஷேக் பச்சன், வீட்டா டானி, தோனி மூவருடையது. 2015இலும் 2018இலும் நமக்குக் கோப்பை தந்தது. அது ஆடும் நேரு ஸ்டேடியம் தமிழக அரசின் சொத்து. நம் கையில் இருக்கும் பிடி அதுதான். அடுத்த முறை வாடகை ஒப்பந்தம் எழுதும்போது விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இரண்டு வரி சேர்க்கலாம்: ஊர் மாற ஆறு மாத முன்னறிவிப்பு, உள்ளூர்க்காரருக்கு வாங்க முதல் வாய்ப்பு. அணி நல்லபடியாக ஆடிக்கொண்டிருக்கும்போதே இதைக் கேளுங்கள். ரசிகர் மன்றத்தின் பெயரில் ஒரு மனு எழுதுவதாக இருந்தால், ஒஹையோ சட்டப் பிரிவைத் தமிழில் எழுதி அனுப்ப நான் தயார். இதழ் முகவரிக்கு ஒரு வரி போடுங்கள்.