வியட்நாமில் ‘சாய்’ கேட்டால் டீ வராதுங்க

கேள்வி: கோயமுத்தூரிலிருந்து முதுகுப்பையை மாட்டிக்கொண்டு முதல்முறை வியட்நாம் போகிறவர்கள் என்னென்ன கூத்தில் மாட்டுகிறார்கள்?

கூத்து பெயரிலேயே ஆரம்பிக்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் அப்பா பெயர்தான். விடுதிக்காரர் “மிஸ்டர் பழனிசாமி” என்று நாலு தடவை கூப்பிடுவார். மகன் அங்கேயே உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பார். அது சிரிப்போடு போய்விடும். இ-விசாவில் பெயர் மாறினால் போகாது. பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கும் பக்கத்தின் அடியில் ஓடும் இரண்டு வரியில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ, அதே வரிசையில் நிரப்புங்கள்.

சிங்கப்பூர் வழியாகப் போய், இடையில் ஊரைச் சுற்றிப் பார்க்க வெளியே வருவதாக இருந்தால், வீட்டில் கட்டித்தரும் குருமாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். பருப்புப் பொடிக்கு அந்தத் தொல்லை இல்லை.

பணத்தில்தான் பெரிய கூத்து. அந்த ஊர்ப் பணம் டாங். 20,000 டாங் நோட்டும் நீலம், 500,000 டாங் நோட்டும் நீலம். இரண்டிலும் அவர்கள் தலைவர் ஹோ சி மின் முகம்தான். மங்கலான வெளிச்சத்தில் மாற்றிக் கொடுத்தால் ஒரு இளநீருக்கு இருபத்தைந்து மடங்கு விலை போய்விடும். எண்ணை நம்பாமல் பின்பக்கத்தைப் பாருங்கள்: கூரை போட்ட பாலம் இருந்தால் சின்னது, ஓலை வீடு இருந்தால் பெரியது. 500,000 நோட்டைப் பர்ஸில் வேறு அறையில் வைப்பது இன்னும் நல்லது. கடையில் “ஐம்பது” என்றால் 50,000 என்று அர்த்தம். மூன்று சைபரைச் சொல்லவே மாட்டார்கள். அந்த ஐம்பதை மூன்றரையால் பெருக்கினால் ஏறக்குறைய ரூபாய்க் கணக்கு வந்துவிடும்.

அடுத்தது சாய். அந்த ஊரில் ‘சாய்’ என்றால் சைவம். டீக்கு ‘ச்சா’. காலையில் டீக்கு ஏங்கிப்போய் “சாய், சாய்” என்றால், காளானும் டோஃபுவும் போட்ட நூடுல்ஸ் ஒரு கிண்ணம் ஆவி பறக்க வந்து நிற்கும். கறி சாப்பிடாதவர்களுக்கு இதே சொல்தான் காப்பு. “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால், கீரைப் பொரியலிலும் மீன் சாஸ் ஊற்றித்தான் தருவார்கள். அவர்கள் கணக்கில் அது உப்பு மாதிரி. ‘கோம் சாய்’ என்று பலகை போட்ட கடைக்குப் போங்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் அங்கேயும் நிறையப் பேர் சைவம் சாப்பிடுவதால் அந்தக் கடைகளில் கூட்டமாக இருக்கும். நம்ம ஊர் மாதிரியேதான், போங்க.

காப்பி வந்ததும் “டம்ளர் காலியா இருக்குதுங்களே” என்று சண்டைக்குப் போகாதீர்கள். மேலே உட்கார்ந்திருக்கும் சின்ன பில்டரிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்க நாலைந்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டு எடுத்தால் விரல் சுடும். பாலுக்குப் பதில் அடியில் கெட்டியான இனிப்புப் பால் கிடக்கும். கலக்காமல் குடித்தால் மேலே கசப்பு, கடைசியில் பாகு.

சாலையில் வண்டிகள் வலப்பக்கமாக ஓடும். நம் கழுத்தோ பழக்கத்தில் முதலில் வலது பக்கம் திரும்பும், வண்டி இடது பக்கமிருந்து வரும். பைக் கூட்டத்தைக் கடக்கும்போது ஒரே வேகத்தில் நடந்துகொண்டே இருங்கள், அவர்களே விலகிப் போவார்கள். பாதியில் நிற்பதும் பின்னால் குதிப்பதும்தான் ஆபத்து. காருக்கும் பஸ்ஸுக்கும் இது செல்லாது. அவை போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

துண்டு விஷயத்தில் ஈரோட்டு ஈரிழைத் துண்டை விட்டால் வேறில்லை. டர்க்கி டவல் அந்த ஈரக்காற்றில் காயாமல் நாறி, பையில் இருக்கும் எல்லாவற்றையும் நாறடிக்கும்.

ராத்திரி ஸ்லீப்பர் பஸ்ஸில் ஏறும்போதே ஷூவைக் கழற்றிக் கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். வழியில் நிறுத்தும்போது வாசலில் ஒரு கூடை பொதுச் செருப்பு இருக்கும், கிடைத்ததை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். இறங்குமுன் பஸ் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தில் நாலு பஸ் நிற்கும், கழிவறை போய்விட்டு வந்து அடுத்த பஸ்ஸில் ஏறிப் படுத்துக்கொண்டால் காலில் இருக்கும் செருப்புகூட உங்களுடையதல்ல.